பி பூஜ்யம் நான்கு பூஜ்யம் ஒன்று

மூன்றாவது வளைவில் அந்த மஞ்சள் விளக்கு வந்தது.
என்ஜின் வடிவம், முட்டைக்கரு நிறம்.
உடனே வண்டி தன் பலத்தில் பாதியை
எங்கோ ஒளித்துவைத்துக்கொண்டது.
இரவு பதினொன்றரை. செர்க்னோவுக்கு மேலே
உப்புத் தூவாத மலைப்பாதை.
உச்சியில் யெர்னேயாவின் தொழுவம்,
அங்கே லிஸ்கா என்ற பசு,
கன்றின் பின்னங்கால்கள் மட்டும் வெளியே.

இரண்டாம் கியரில் முனகிக்கொண்டே ஏறினேன்.
கன்று பிழைத்தது.
இப்போதே சொல்லிவிடுகிறேன்,
இது கன்றைப் பற்றிய கவிதை இல்லை.

லோய்ஸே ஒரு கருவியை ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகினார்.
பி பூஜ்யம் நான்கு பூஜ்யம் ஒன்று.
“போதிய ஓட்டம் இல்லை” என்று வாசித்தார்.
வண்டி விட்ட மூச்சில் ஒரு பங்கை
மறுபடி அதற்கே ஊட்டும் வால்வு ஒன்று உண்டாம்.
எரிந்ததை உள்ளே விட்டால் சூடு தணியும்,
ஊர்க் காற்றுக்கு நஞ்சு குறையும்.
“அசைபோடுவது மாதிரி” என்றேன்.
மாட்டு டாக்டரிடம்தான் பேசுகிறோம்
என்று நினைவு வந்தவர் போலத் தலையாட்டினார்.

கழற்றினார். உள்ளே கரி,
அடிப்பிடித்துப் பிடித்து ஊறிய பானை.
ஸ்க்ரூடிரைவர் முனையால் சுரண்டிச் சுரண்டி
செய்தித்தாளில் கொட்டினார்.
இரண்டு கைப்பிடி.
என் ஏழு வருட நள்ளிரவுகள் அவ்வளவுதான்.
நூற்றுப் பத்து யூரோ. விளக்கு அணைந்தது.

நான்கு நாள்.
ஐந்தாம் நாள், மேடுகூட இல்லை,
மருந்துக்கடை வாசலில், சமதளத்தில், மறுபடியும்.

வால்வையே மாற்றினார். பிறகு காற்றளக்கும் சென்சார்.
ஒவ்வொரு முறையும் குறியீட்டை அழிப்பார்,
கூண்டில் நிற்கும் பிடிவாதச் சாட்சி போல
அது அதையே திருப்பிச் சொல்லும்.
“குறியீடு பொய் சொல்லாது, டாக்டர்.”
உண்மை. ஓட்டம் இல்லை என்றது, ஓட்டம் இல்லை.
ஏன் இல்லை என்பது அதற்குத் தெரியாது.
என் நோயாளிகள் இந்த அளவுகூடப் பேசுவதில்லை.
அதனால் நான் கையை விட்டுத்தான் பார்ப்பேன்.

ஞாயிறு காலை பானெட்டைத் திறந்தேன்.
தோள்வரை கையுறை,
பசுவுக்குள் போகும்போது போலவே மூடிய கண்.
பென்சில் கனத்தில் ஒரு ரப்பர் குழாய் தட்டுப்பட்டது.
வால்வைத் திறக்கும் வெற்றிடம் அதன் வழியாகத்தான் போகவேண்டும்.
யாரும் பார்க்காத அதன் அடிவயிற்றில்
இரண்டு துளை.
ஒரு விரற்கடை தள்ளி இன்னும் இரண்டு.

பல்.

லோய்ஸேக்கு அது விரிசல், பழசு, வெயில்.
நானோ இருபத்திரண்டு வருடமாகக்
கோழிகளின் கழுத்தில் இந்தக் கடியைப் படித்தவள்.
மரநாய். தொண்டை வெளுத்த வகை.
பானெட்டின் உட்புறப் பஞ்சில் ஒரு முட்டை ஓடு,
கொஞ்சம் சாம்பல் மயிர்,
உடம்பு சுருண்ட பள்ளம்.
நான் தாமதமாக வீடு திரும்பிய இரவெல்லாம்
அதற்குச் சுடச்சுடப் படுக்கை.
ஊரில் மாடுகள் ஈனும் மாதத்தில்
அது நன்றாகத் தூங்கியிருக்கிறது.

குழாய் மீட்டர் மூன்று யூரோ.
ஒரு சாணுக்கும் குறைவாக வெட்டி மாட்டிய லோய்ஸே
காசு வாங்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை.
விளக்கு அணைந்தது. இதுவரை அணைந்தேதான் இருக்கிறது.

வண்டிக்கு அடியில் கோழிவலை விரி,
அதில் அது கால் வைக்காது என்றாள் யெர்னேயா.
விரித்தேன்.
நேற்றிரவு பனி.
காலையில் பார்த்தால் சின்னச் சின்னத் தடங்கள்
வலையை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி,
நின்று யோசித்த இடத்தில் கொஞ்சம் குழம்பி,
நேரே தெருவைத் தாண்டி
பாதிரியாரின் புதுக் காருக்குப் போயிருக்கின்றன.

அவரிடம் சொல்லவேண்டும்.
இன்றிரவு பூஜ்யத்துக்குக் கீழே பதினான்கு என்கிறார்கள்.
நாளை சொல்கிறேன்.